உள்ளூர் விதிப்படி

மனிதர்கள் மேல் செய்து பார்க்கிற மருத்துவ ஆராய்ச்சி எதுவானாலும் அதைச் செய்யலாமா கூடாதா என்று முடிவு சொல்ல, ஆராய்ச்சி நடக்கிற ஆஸ்பத்திரிகளில் ஒரு கமிட்டி இருக்கும். எத்திக்ஸ் கமிட்டி என்பார்கள். அதில் டாக்டர்கள் இருப்பார்கள், சட்டம் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். மருத்துவமே படிக்காத சாதாரண ஆள் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். புதுச்சேரியைச் சுற்றி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்றில், அதன் பெயர் வேண்டாம், அந்தச் சாதாரண ஆள் நான்.

இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வில்லியனூரில் நான் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவேன். போர்வெல்லில் இறக்கிய மோட்டார் நின்றுபோனால் ஆட்களோடு போய் மேலே தூக்கி, சரிசெய்து, மறுபடி இறக்குவேன். அந்த ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவருடைய தோட்டத்தில் அப்படி வேலை செய்தபோது, அவர் கையில் இருந்த ரிப்போர்ட் என்ன, எதற்கு இத்தனை பக்கம், யார் படிப்பார்கள் என்று குடைந்துகொண்டே இருந்தேன். அது என் பிறவிக் குணம். "உங்கள மாதிரி ஒரு ஆளத்தான் சார் தேடிக்கிட்டிருக்கோம்" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் ஆங்கிலத்தில் கடிதம் வந்தது.

கூட்டத்தில் முதல் ஒரு வருடம் பிஸ்கட் சாப்பிட்டதைத் தவிர பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சர்க்கரை மாத்திரை, மூட்டுவலி எண்ணெய் என்று வரும். நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் தமிழ்ப் படிவத்தை எனக்குத் தருவார்கள். அதைப் படித்து, எங்கள் ஊர் ஆளுக்குப் புரியுமா புரியாதா என்று சொல்வதுதான் என் வேலை. பெரும்பாலும் புரியாது என்றுதான் சொல்வேன். மாற்றி எழுதிக்கொண்டு வருவார்கள்.

மூளைக்குள் வைக்கும் கருவி பற்றிய ஃபைல் வந்த அன்று நான் பிஸ்கட்டைத் தொடவில்லை. அவ்வளவு ஆர்வம். மூளை டாக்டர் படம் போட்டு விளக்கினார். பக்கவாதத்திலோ நரம்பு நோயிலோ கைகால் எதுவும் அசையாமல், வாயும் வராமல், ஆனால் புத்தி மட்டும் முழுசாகத் தெளிவாக இருக்கிறவர்களுக்கான கருவி இது. மண்டைக்குள் மெல்லிய தகடு ஒன்றை வைக்கிறார்கள். அதிலிருந்து தோலுக்கடியில் ஒயர் ஓடி நெஞ்சில் புதைத்த சின்னப் பெட்டிக்கு வருகிறது. ஆள் பேச முயலும்போது மூளையில் எழும் மின்சாரத்தை அந்தத் தகடு பிடித்து அனுப்ப, வெளியே ஒரு கம்ப்யூட்டர் அதை எழுத்தாக மாற்றிக் காட்டுகிறது. அசைய முடியாதவர் திரையில் எழுதுவார், கம்ப்யூட்டர் அதைச் சத்தமாகப் படிக்கும்.

"தமிழ் வருமா சார்?" என்றேன்.

"வரும். அது எழுத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் உதவுது. எந்த மொழியா இருந்தா என்ன?"

"மனசுக்குள்ள ஒருத்தனைத் திட்டுனா, அதுவும் வந்துடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "சொல்ல முயற்சி பண்றதுதான் வரும். சும்மா நினைக்கிறது வராது" என்றார்.

"ரெண்டுக்கும் நடுவுல கோடு எங்க சார் இருக்கு?"

"அந்தக் கோட்டை எங்க போடறதுன்னுதான் ஒவ்வொரு நாட்டுலயும் எழுதிக்கிட்டிருக்காங்க" என்றார்.

அது எனக்குப் புதுச் செய்தி. மூளை எல்லா ஊரிலும் ஒரே மூளைதானே, சட்டம் எப்படி வேறு வேறாக இருக்கும் என்று நினைத்தேன். டீ இடைவேளையில் எங்கள் கமிட்டி வக்கீல் அம்மாவிடம் கேட்டேன். சிலி என்ற நாட்டில், மூளையில் நடப்பதற்கும் அதிலிருந்து எடுக்கிற தகவலுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்களாம். சில நாடுகளில் இதை மற்றக் கருவிகளோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்களாம். சில இடங்களில் இன்னும் பேச்சே ஆரம்பிக்கவில்லையாம். அந்த அம்மா சொல்லச் சொல்ல என் டீ ஆறிப்போனது.

ஃபைலின் கடைசியில் ஒரு அட்டவணை இருந்தது. இந்தச் சோதனையை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பல நாடுகளில் ஒரே நேரத்தில் செய்யப்போகிறது. எந்த நாட்டில் எதை எப்படிச் செய்யப்போகிறோம் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார்கள். நான் அட்டவணைப் பிரியன். மோட்டார் கம்பெனிக்காரன் தருகிற அட்டவணையைக் கூட வரி விடாமல் படிப்பேன். இதையும் ஒவ்வொரு வரிசையாகப் படித்துக்கொண்டு போனேன். 'சோதனை முடிந்த பிறகு' என்று ஒரு வரிசை. பிரான்ஸ் கட்டத்தில், நோயாளி விரும்பினால் கருவியை வைத்துக்கொள்ளலாம், பராமரிப்பு கம்பெனியின் பொறுப்பு என்று இருந்தது. இன்னொரு நாட்டுக் கட்டத்தில் நோயாளியும் டாக்டரும் சேர்ந்து முடிவெடுப்பார்கள் என்றிருந்தது. இந்தியா கட்டத்தில் மூன்றே சொல்: 'உள்ளூர் விதிகளின்படி அகற்றப்படும்.'

அகற்றப்படும். சோதனை நடக்கிற இரண்டு வருடம் பேசவைத்துவிட்டு, பிறகு மண்டையைத் திறந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"உள்ளூர் விதின்னா எது மேடம்?" என்று வக்கீல் அம்மாவைக் கேட்டேன். டெல்லியில் இருக்கிற சட்டம், இங்கே இருக்கிற சட்டம் என்று ஏதாவது புத்தகத்தைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "டெல்லி அனுமதி தனி. இந்த விஷயத்துக்குத் தெளிவா ஒரு விதி எனக்குத் தெரிஞ்சு இல்ல. அப்படின்னா உள்ளூர் விதிங்கிறது இந்த ரூம்ல உக்காந்திருக்கிற நாமதான்."

உலகம் முழுக்கப் பெரிய பெரிய மூளைகள் உட்கார்ந்து எழுதுகிற விஷயத்தில், பாகூர் பக்கத்து ஆளுக்கு விதி எழுதுகிறவன் காயில் கட்டுகிற நானா?

பாகூர் பக்கத்து ஆள் என்று சும்மா சொல்லவில்லை. அந்தப் படத்தைப் பார்த்ததுமே எனக்கு ஒருவர் நினைவுக்கு வந்துவிட்டார். ஏம்பலத்துக்குப் பக்கத்தில் நெல்லும் கரும்பும் வைத்திருக்கிற விவசாயி. இருபது வருடமாக அவருடைய போர் மோட்டாருக்கு நான்தான். என் வயதுதான். நான் கமிட்டிக்கு வருவதற்கு முன்பே பக்கவாதம் வந்து விழுந்துவிட்டார். கண்ணை மேலே தூக்குவதும் மூடுவதும் தவிர எதுவும் முடியாது.

அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும். பேரத்துக்கென்றே பிறந்தவர். ஒரு நட்டு மாற்றினாலும் என்னோடு அரைமணி நேரம் மல்லுக்கு நிற்பார். "இன்னாபா, மோட்டாரு என்னுதா உன்னுதா? நீ சொல்ற வெலைக்கு உன்னயே கொண்டு போயி கெணத்துல எறக்கலாம்" என்பார். கரும்பு வெட்டுகிற ஆட்கள், டிராக்டர்காரர், பஞ்சாயத்து ஆபீஸ் எழுத்தர் என்று யாரும் அவர் வாய்க்குத் தப்பியதில்லை. மற்றவர்களுக்கு அவரைக் கண்டால் எரிச்சல். எனக்குப் பிடிக்கும். அவரோடு சண்டை போட்டுவிட்டு வந்தால் அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும். அந்த மனிதர் வாய் அடைத்துப் படுத்திருப்பதை முதல்முறை பார்த்தபோது வெளியே வந்து அழுதேன்.

அட்டவணையைப் பார்த்த அடுத்த வாரமே அவர் வீட்டுக்குப் போக நேர்ந்தது. மோட்டார் தண்ணீர் குறைவாக எடுக்கிறது என்று அவர் மனைவி போன் செய்திருந்தாள். என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போனேன். உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நின்று, "இன்னாபா, எப்படி இருக்கிற?" என்றேன். கண்ணை மேலே தூக்கினார். மழை வரும்போல இருக்கிறது, நெல் நன்றாக இருக்கிறது என்று ஐந்து நிமிடம் பேசினேன். பிறகு வாசலுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் பக்கம் அப்படித்தான். முடியாமல் படுத்திருப்பவர் எதிரில் அவருடைய நோயைப் பற்றிப் பேச மாட்டோம். நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, வீட்டு ஆளைக் கண்ணால் கூப்பிட்டு, வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுதான் டாக்டர் என்ன சொன்னார், எத்தனை நாள் தாங்கும் என்று கேட்போம். அதுதான் மரியாதை. எதிரிலேயே கேட்கிறவனை அறிவு கெட்டவன் என்பார்கள். அன்றும் அவர் மனைவி என் பின்னாலேயே வெளியே வந்தாள்.

"மூளையில மிஷின் வெச்சா பேசலாம்னு பெரிய டாக்டர் சொல்லியிருக்காருண்ணா. இன்னும் பெர்மிஷன் வரலயாம்" என்றாள்.

கமிட்டியில் பேசுவதை வெளியில் பேசக் கூடாது. எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். முடியவில்லை. கமிட்டி என்று சொல்லாமல், கேள்விப்பட்டதுபோல, "ரெண்டு வருஷம் வெச்சிருந்துட்டு எடுத்துடுவாங்கன்னு சொல்றாங்களே, அப்புறம் இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "எனுக்கு ஒண்ணியும் தெரியலண்ணா. அவங்க அண்ணங்கிட்ட பேசுங்க" என்று போனைப் போட்டுக் கையில் கொடுத்தாள்.

அண்ணன்காரர் பிரான்சில் இருக்கிறார். பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கிற குடும்பத்தில் பெண் எடுத்து அந்தக் காலத்திலேயே போனவர். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வயிற்றில் பிறந்து ஆளுக்கொரு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற அண்ணன் தம்பிகள் நிறைய உண்டு. வீடியோவில் கம்பளிச் சட்டையோடு தெரிந்தார். விஷயத்தைச் சொன்னேன். பிரான்ஸ் கட்டத்தில் என்ன இருந்தது என்று நினைத்துக்கொண்டேன். இந்த மனிதருக்குப் பக்கவாதம் வந்து, அதே கருவியை அதே கம்பெனி வைத்தால், அது அவரோடேயே இருக்கும். தம்பிக்கு வைத்தால் பிடுங்கிவிடுவார்கள்.

"குடுத்துட்டுப் புடுங்குவாங்களா? வேணாம்பா" என்றார் அண்ணன். "அவன் தாங்க மாட்டான். வாயி வந்து மறுபடியும் போனா அன்னிக்கே உசுர வுட்டுடுவான். வூட்டுல எல்லாரும் அதான் சொல்லுவாங்க, எழுதி வெச்சுக்க."

அவர் மனைவியும் தலையாட்டினாள். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். ஒருவன் வந்து மோட்டாரை இறக்கிவிட்டுப் போவான். பழுதாகும்போது போன் எடுக்க மாட்டான். இறக்குகிறவன்தான் கடைசிவரை பொறுப்பு என்று எழுதி வாங்காமல் என் வாடிக்கையாளர் யாரையும் பணம் கொடுக்க விடமாட்டேன். மண்டைக்கு மட்டும் அந்த நியாயம் இல்லையா?

அடுத்த கூட்டத்தில் நான் பேசினேன். வழக்கமாகப் படிவத்தில் சொல் மாற்றச் சொல்கிறவன் அன்று நின்றுகொண்டே பேசினேன். எந்த நாட்டில் வைத்தாலும் கருவி ஒன்று, மண்டை ஒன்று. நோயாளி சம்மதிக்காமல் எடுக்கக் கூடாது, அவர் உயிரோடு இருக்கும்வரை பராமரிக்க வேண்டும், கம்பெனி மூடினால் யார் பார்ப்பார்கள் என்று இப்போதே எழுத வேண்டும் என்றேன். "நோயாளிங்க குடும்பம் இதத்தான் விரும்பும்" என்றும் சொன்னேன். வக்கீல் அம்மா ஆமோதித்து மேஜையைத் தட்டினார். மூளை டாக்டர் மட்டும், "சார், ரொம்பக் கேட்டா அவங்க வேற இடம் பார்த்துப்பாங்க" என்றார். பார்க்கட்டுமே என்றேன். கமிட்டி நிபந்தனையோடு கடிதம் அனுப்பியது. நான் வண்டியில் வீட்டுக்கு வரும்போது விசில் அடித்துக்கொண்டு வந்தேன். உள்ளூர் விதியை நான் எழுதிவிட்டேன்.

கம்பெனியிடமிருந்து கேள்வி வந்தது, பதில் போனது, மறுபடி கேள்வி வந்தது. கரும்பு வெட்டி முடிந்து, வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்த மறுதாம்பு முழங்கால் உயரம் வந்தது. ஒரு கூட்டத்தில் டாக்டர் எழுந்து, அந்தச் சோதனையை நம் இடத்தில் செய்வதில்லை என்று கம்பெனி முடிவெடுத்துவிட்டது, கேள்வி குறைவாக இருக்கிற வேறொரு நாட்டைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று சொன்னார். என் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

கூட்டம் முடிந்து எங்கள் கமிட்டித் தலைவர் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். இப்படி ஒருவரை எனக்குத் தெரியும், அவர் வீட்டில் கேட்டுத்தான் பேசினேன் என்றேன். அந்த அம்மா ரிட்டயர்ட் ஆன கல்லூரி ஆசிரியை. என்னை நிற்கவைத்துக் காய்ச்சினார். "தெரிஞ்சவர் இருந்தா முதல்லயே சொல்லிட்டு நீங்க வெளிய போயிருக்கணும். அந்த ஃபைல்ல நீங்க பேசியே இருக்கக் கூடாது." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "கேட்டேன்னு சொல்றீங்களே, யாரைக் கேட்டீங்க?"

"அவர் சம்சாரத்த, அவங்க அண்ணன."

அவர் ஃபைலை மூடினார். அந்தக் கேள்வி எனக்கு உடனே உறைக்கவில்லை. வண்டியில் வில்லியனூர் வந்து சேரும்வரை உறைக்கவில்லை. கடையைத் திறந்து வேலையில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். மோட்டார் வேலை எதுவும் இல்லை. ஹார்லிக்ஸும் வாங்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் மனைவி நான் உட்காருவதற்கு முன்பே எழுத்து அட்டையைக் கையில் எடுத்திருந்தாள். காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையைச் சொல்லிக்கொண்டே வருவாள். சரியான வரிசை வந்ததும் அவர் கண்ணை மேலே தூக்குவார். பிறகு அந்த வரிசையில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வேண்டும்.

"நேத்து டாக்டரு போன் பண்ணாருண்ணா. மிஷின் வராதாம்" என்றாள். "அதுலேர்ந்து இவுரு உங்களத்தான் கேக்குறாரு."

அவளுக்குத் தெரியாது, நான் யார் என்று. சொன்னேன். இருவருக்கும் சேர்த்துச் சொன்னேன். அந்தக் கமிட்டியில் நான் இருக்கிறேன், அந்த நிபந்தனையைப் போடவைத்தது நான்தான், அதனால்தான் வரவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவள் அட்டையை மடியில் போட்டுவிட்டாள். அவர் மட்டும் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அட்டையைப் பார்த்தார்.

அவள் எழுத்துகளைச் சொல்ல ஆரம்பித்தாள். முதல் சொல் வர எவ்வளவோ நேரம் ஆனது. 'உள்ள.' அடுத்தது 'வந்து.' அவசரத்தில் அவள், "உள்ள வந்து உக்காரச் சொல்றீங்களா?" என்று முடிக்கப் பார்த்தாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். யாரும் தன் சொல்லை முடித்துவைக்கக் கூடாது என்பதற்கு அது அடையாளம். மறுபடி எழுத்து எழுத்தாகப் போனோம். அவள் சத்தமாகச் சேர்த்துப் படித்தபோது அவள் குரலிலேயே அவர் பேசியதுபோல இருந்தது.

"உள்ள வந்து கேட்டா இன்னா?"

கட்டிலுக்கு மேலே ஜன்னல் திறந்திருந்தது. அதற்கு நேர் வெளியே வேப்பமரம். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும், ஒருவர் பிரான்சிலிருந்து, தாங்க மாட்டான், உயிரை விட்டுவிடுவான் என்று பேசியது ஒரு சொல் விடாமல் அவர் காதில் விழுந்திருக்கிறது. எனக்கு அவமானமாக இருந்தது. வெயில் ஏறுவதற்குள் எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

"தப்புதாம்பா" என்றேன். "இப்ப கேக்குறேன். அன்னிக்கே உள்ள வந்து கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?"

அவர் மனைவிக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. பாதியில் அட்டையை நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு வேகம் வரவில்லை. இரண்டு முறை வரிசை தப்பி, அவர் கண்ணை மூடி, முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஒரு சொல்லைக்கூட நானாக முடிக்கவில்லை. கடைசி எழுத்து வரைக்கும் வந்த பிறகுதான் முழுதாகப் படித்தேன்.

'ரெண்டு வருசம் குடுத்துட்டுப் போவட்டும். புடுங்க வரும்போது எனக்கு வாயி இருக்கும். நான் பேசிக்கிறேன்.'